ராட்சத ரோபோக்கள் கைகலப்பில் இறங்குமா?

என் அக்கா மகனும் அவனுடைய நண்பர்கள் மூன்று பேரும் பெங்களூரு கோரமங்களாவில் ஒரு அறை எடுத்து வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறார்கள். 15 மீட்டர் உயரம், 60 டன் எடை கொண்ட ரோபோக்கள், உள்ளே ஆள் உட்கார்ந்து ஓட்டுவார், ஒரு நகரத்துக்குள் சண்டை. போன வாரம் அவன் கேட்டது இது: "மாமா, பீரங்கி, ஏவுகணை எல்லாம் இருக்கும்போது எங்க ரோபோ எதுக்குக் கிட்டப் போய்க் குத்தணும், வாளால வெட்டணும்? விளையாடுறவங்க நம்புவாங்களா? நீங்க ஹைட்ராலிக் வேலை பாக்குறவரு, நேர்மையா சொல்லுங்க." போனில் பத்து நிமிடம் பேசியும் போதவில்லை. பீனியாவில் இருபத்திரண்டு வருடமாக சிலிண்டர் பழுது பார்ப்பவன் நான். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

நம்புவார்கள். ஆனால் குத்துச்சண்டையையும் வாள்சண்டையையும் மனதிலிருந்து எடுத்துவிட வேண்டும். அவ்வளவு பெரிய இயந்திரங்கள் நெருங்கி மோதினால் அது மல்யுத்தமாகத்தான் முடியும். எதிராளியைத் துளைப்பது அங்கே வேலைக்கு ஆகாது. கீழே விழவைப்பதுதான் ஆகும்.

ஏன் என்று முதலில் எண்ணிலேயே பார்த்துவிடுவோம். இன்றைய டாங்கிகள் எதிரி டாங்கியைத் துளைக்க ஈட்டி மாதிரி நீளமான, மெல்லிய உலோகக் கம்பியைச் சுடுகின்றன. எடை 5 கிலோ, வேகம் வினாடிக்கு 1,600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆற்றல் 64 லட்சம் ஜூல். இப்போது ரோபோவின் கையையும் முஷ்டியையும் சேர்த்து 2 டன் என்றும், அது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்து மோதுகிறது என்றும் எடுத்துக்கொள். ஆற்றல் 1 லட்சம் ஜூல்தான். குண்டில் 64-ல் ஒரு பங்கு. அதுவும் குண்டு தன் ஆற்றல் முழுவதையும் விரல் அகலத்தில் கொட்டுகிறது, முஷ்டி ஒரு கதவு அகலத்துக்குப் பரப்பிவிடுகிறது. கவசத்தை முஷ்டி ஒன்றும் செய்யாது.

உந்தத்தைக் கணக்குப் பார்த்தால் கதை திரும்பிவிடும். எடையை வேகத்தால் பெருக்கினால் குண்டுக்கு 8,000, முஷ்டிக்கு 20,000. துளைப்பதில் தோற்ற முஷ்டி தள்ளுவதில் இரண்டரை மடங்கு முன்னே நிற்கிறது. இதில்தான் உன் கேமுக்கான விடை இருக்கிறது.

இதை நான் கண்ணால் பார்த்தது அல்சூரில். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய மாடி வீட்டை இடித்தார்கள். 20 டன் பொக்லைன், ஆபரேட்டர் தருமபுரிக்காரர். நான் டீ டம்ளரோடு எதிர்ப்பக்கம் நின்று ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒருமுறைகூட அவர் பக்கெட்டை வீசிச் சுவரில் அடிக்கவில்லை. பக்கெட்டின் பல்லைச் சுவரின் மேல் விளிம்பில் மெதுவாகக் கொண்டுபோய் வைப்பார். எஞ்சின் சத்தம் மாறும். சுவர் அரை அடி சாயும், காரை பொடிப்பொடியாக உதிரும், அப்புறம் மொத்தச் சுவரும் ஒரே துண்டாக உள்பக்கம் படுத்துவிடும். வேலை நின்ற நேரத்தில் கேட்டேன், ஓங்கி ஒரு அடி அடித்தால் சீக்கிரம் முடியாதா என்று. "அடிச்சா வண்டி போயிடும் சார், தள்ளினா செவுரு போயிடும்" என்றார்.

அவர் சொன்னதன் மறுபாதி எங்கள் பட்டறைக்கு வந்து சேரும். பொக்லைனின் மேல்பாகம் வட்டமாகச் சுழலும் அல்லவா, அந்தச் சுழற்சி வேகத்தில் கையைப் பக்கவாட்டில் வீசி எதையாவது அடித்தால் சுழலும் கியரின் பல் தேயும், பின்கள் தளரும், சிலிண்டர் ராடு வளையும். அப்படி வளைந்த ராடு ஒன்றை வி-பிளாக்கில் (V வடிவப் பள்ளம் உள்ள தாங்கி) வைத்து, வளைவை முள்ளால் காட்டும் டயல் கேஜைத் தொட வைத்து உருட்டினேன். கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது. முள் ஒன்றரை மில்லிமீட்டர் ஆடியது. அந்த ஒன்றரை மில்லிமீட்டர் போதும். ராடு உள்ளே வெளியே போகும்போதெல்லாம் எண்ணெயை அடைத்து வைக்கும் சீல் வளையத்தை ஒரு பக்கமாகவே உரசும், இரண்டு நாளில் எண்ணெய் கசியும், 300 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல் எண்ணெய் அழுத்தம் இருக்க வேண்டிய கை தன் எடையிலேயே தொங்கிப்போகும். நியூட்டனின் மூன்றாம் விதி பட்டறையில் இப்படித்தான் இருக்கும். நீ கொடுத்த அடி அப்படியே உன் மூட்டுக்குத் திரும்பி வரும். உன் ரோபோவுக்கு ஐந்து விரல் வரைந்திருக்கிறாய். அந்தக் கையால் குத்தினால் எதிராளியின் நெஞ்சுத் தகட்டுக்கு முன்னால் உன் விரல் மூட்டுதான் உடையும்.

சரி, தள்ளுவதற்கு எவ்வளவு வேண்டும்? உன் ரோபோ 60 டன். பாதத்தின் நீளம் 4 மீட்டர் என்று படத்தில் போட்டிருக்கிறாய். மனிதப் பாதத்தை அப்படியே பெருக்கினால் 2.3 மீட்டர்தான் வந்திருக்கும், நீ கூட்டியது நல்லது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கணுக்காலுக்கு முன்னும் பின்னும் 2 மீட்டர் ஊன்றுதல் கிடைக்கிறது. தரையிலிருந்து 12 மீட்டர் உயரத்தில், அதாவது தோள்பட்டையில் கை வைத்துத் தள்ளினால் சாய்க்கத் தேவையான விசை, 60 பெருக்கல் 2 வகுத்தல் 12. வெறும் 10 டன். அல்சூரில் நின்ற அந்த 20 டன் பொக்லைனின் பக்கெட் பல்லிலேயே அதைவிட அதிக விசை உண்டு. 60 டன் எடையை நினைத்தால் அசைக்க முடியாத மலை மாதிரி தோன்றும். உயரமும் குறுகலான காலும் சேர்ந்தால் அது தென்னைமரத்தைவிட எளிதாகச் சாயும். தென்னைக்காவது வேர் உண்டு.

ஆனால் அந்த 10 டன் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கணத்து அடிக்குக் கணக்கு வேறு. முன்பு சொன்ன 2 டன் முஷ்டி தோளில் பட்டால், சாய்க்கத் தேவையானதில் கால்வாசிகூடத் தராது. எதிராளி ஒரு முறை ஆடிவிட்டு நேரே நிற்பான். முழு உடம்போடு மோதினால்? அதே எடையுள்ள ரோபோ மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஓடிவந்து தோளால் இடித்தால், தோராயமாக, நிற்கிறவனைச் சாய்க்கப் போதுமான உந்தம் போய்ச் சேர்ந்துவிடும். இடித்தவனும் அதே வேகத்தில் முன்னால் சாய்வான், அவனும் விழலாம். விளையாடுகிறவனுக்கு இது அருமையான முடிவு. இடிக்கலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வைக்கும்.

விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கைகலப்பின் உண்மையான ஆயுதம் தரைதான். 15 மீட்டர் கம்பம் ஒன்று அடியில் வழுக்காமல் சாய்ந்தால் அதன் உச்சி தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 75 கி.மீ. ஓட்டுநரைத் தலைக்குள் உட்கார வைத்திருக்கிறாய். அந்த வேகத்தில் காரைச் சுவரில் மோதுவதற்குச் சமம் இது, அதிலும் முன்னால் நசுங்கிக்கொடுக்க எஞ்சின் அறை கிடையாது. இன்னொன்று. 60 டன்னின் ஈர்ப்பு மையம் ஏழரை மீட்டர் கீழே வந்தால் வெளிப்படும் ஆற்றல் 44 லட்சம் ஜூல். முதலில் சொன்ன டாங்கிக் குண்டின் ஆற்றலை நினைத்துப் பார், கிட்டத்தட்ட அந்த வரிசையில்தான் இருக்கிறது. குண்டுக்கு வெடிமருந்து வேண்டும். இதைப் புவி இலவசமாகத் தருகிறது, அதுவும் எதிராளியின் சொந்த எடையிலிருந்து. தகடு தாங்கும். உள்ளே இருக்கும் குழாய், கண்ணாடி, கேமரா, மனிதன், இவை தாங்காது. ஓட்டுநரை இடுப்புக்கு இறக்கிவிடு. உயரம் பாதியானால் மோதும் வேகமும் பாதியாகும்.

இனி உன் முதல் கேள்வி, பீரங்கி இருக்கும்போது எதற்காக நெருங்க வேண்டும்? வரலாற்றில் இதற்கு ஒரே விதமான பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. கவசம் ஆயுதத்தை ஜெயித்த காலங்களில் மனிதர்கள் நெருங்கி மோதியிருக்கிறார்கள். 15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உடல் முழுக்க எஃகுத் தகடு போட்ட வீரனை வாள் வெட்டவில்லை. அதனால் அவனைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளி, அக்குளிலும் முகமூடி இடுக்கிலும் குறுவாளைச் செருகினார்கள். அந்தக் காலத்து வாள் பயிற்சி ஓவியங்களில் மல்யுத்தப் பிடிகளும் நிறைய உண்டு.

ரோபோவுக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் கப்பல். 1862 மார்ச்சில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வர்ஜீனியா, மானிட்டர் என்ற இரண்டு இரும்புக் கவசக் கப்பல்கள் மணிக்கணக்காகச் சுட்டுக்கொண்டும் ஒன்றை ஒன்று மூழ்கடிக்க முடியவில்லை. அதற்கு முந்தைய நாள் அதே வர்ஜீனியா கம்பர்லாண்ட் என்ற மரக்கப்பலை முட்டி மூழ்கடித்திருந்தது. நான்கு வருடம் கழித்து, 1866 ஜூலை 20, ஏட்ரியாட்டிக் கடலில் லிஸ்ஸா தீவுக்கு அருகே ஆஸ்திரியக் கடற்படையும் இத்தாலியக் கடற்படையும் மோதின. ஆஸ்திரியாவின் ஃபெர்டினாண்ட் மாக்ஸ் இத்தாலியின் ரே டி'இத்தாலியாவை விலாவில் முட்டியது, சில நிமிடங்களில் அது மூழ்கிவிட்டது. இதைப் பார்த்துவிட்டு அடுத்த சில பத்தாண்டுகள் பெரிய நாடுகள் எல்லாம் போர்க்கப்பலின் மூக்கில் முட்டுவதற்கென்றே இரும்புக் கொம்பு வைத்துக் கட்டின. ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள, பீரங்கி நிறைந்த இயந்திரங்கள் நெருங்கி மோதுவதைத் திட்டமாகவே வைத்திருந்த காலம் அது. கோட்டைக் கதவை முட்ட யானையை ஓட்டிய நம் மன்னர்களுக்கும் காரணம் ஒன்றேதான், அம்பு அந்தக் கதவை ஒன்றும் செய்யாது.

லிஸ்ஸாவில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது, அதை விட்டுவிடாதே. முட்டப்பட்ட கப்பலின் சுக்கான் அதற்கு முன்பே அடிபட்டு, அது கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே கிடந்தது. நகரும் கப்பலை முட்டுவது ரொம்பக் கடினம். ஆக முதலில் பீரங்கி நிறுத்தி வைக்கும், அப்புறம் கொம்பு முடிக்கும். உன் கேமில் துப்பாக்கிக்கும் கைகலப்புக்கும் இடையே இந்த வரிசை இருக்கட்டும். 1893-ல் லெபனான் கரைக்கு அப்பால் ஒத்திகையில் கேம்பர்டவுன் என்ற பிரிட்டிஷ் கப்பல் தன் சொந்த அணியின் விக்டோரியாவைத் தவறுதலாக முட்டி 358 பேர் செத்தார்கள். கொம்பு நண்பன் யார் என்று பார்க்காது. இடம் நெருக்கமானால் உன் ரோபோக்களும் தங்கள் ஆளையே சாய்க்கும், அதையும் அனுமதி.

ஜப்பானியர்கள் கவசத்துக்குப் பதிலாக வேறு வழி பிடித்தார்கள். 1979-ல் வந்த 'கண்டம்' (Gundam) என்ற அனிமேஷன் தொடரில் ரேடாரைக் குருடாக்கும் ஒரு கற்பனைத் துகள் உண்டு. தூரத்திலிருந்து குறி வைக்க முடியாது, ஆகவே 18 மீட்டர் ரோபோக்கள் கண்ணால் பார்த்து நெருங்கிச் சண்டை போடுகின்றன. அறிவியல் கற்பனைதான், ஆனாலும் "ஏன்" என்ற கேள்வியை மதித்துப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

உனக்குத் துகள் தேவையில்லை, நகரமே போதும். சிவாஜி நகரிலோ சிக்பேட்டையிலோ எந்தத் தெருமுனையில் நின்றாலும் பார்வை 100 மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். உன் ரோபோ மணிக்கு 40 கி.மீ. ஓடினால் அந்த 100 மீட்டரை 9 வினாடியில் கடந்துவிடும். தானாகக் குண்டு நிரப்பும் டாங்கிக்கே அடுத்த குண்டு ஏற 7, 8 வினாடி ஆகும், குறி வைக்கும் நேரம் தனி. அப்படியென்றால் முனை திரும்பியதும் ஒரு குண்டு, பெரும்பாலும் ஒன்றே ஒன்று. முன்பக்கக் கவசம் அந்த ஒன்றைத் தாங்குகிறது என்று மட்டும் விதி வைத்துக்கொண்டால், அடுத்தது ஏறும்போது எதிராளி உன் மேல் இருப்பான். இதைவிட நேர்மையான காரணம் வேண்டாம். டாங்கியில் இருப்பதே 40 குண்டு அளவுக்குத்தான் என்பதையும் சேர்த்துக்கொள். தோளுக்குத் தீர்ந்துபோகிற குண்டு இல்லை.

ஆயுதம் என்ன கொடுக்கலாம்? வாள் வேண்டாம், பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். நான் கடப்பாரை கொடுப்பேன். நெம்ப, மூட்டு இடுக்கில் செருக, தேவைப்பட்டால் ஊன்றி நிற்க, மூன்றுக்கும் ஆகும். அதன் முனையில் அங்குசம் மாதிரி ஒரு கொக்கி வைத்தால் கணுக்காலை மாட்டி இழுக்கலாம். கபடியில் நல்ல பிடிகாரர் ரெய்டரின் மார்பைத் தேட மாட்டார், கணுக்காலைத்தான் பார்ப்பார். உயரத்தில் தள்ளுவது, தாழ்வில் பிடிப்பது, இரண்டையும் இரண்டு பேர் சேர்ந்து செய்தால் எந்த ரோபோவும் நிற்காது.

அடிதான் வேண்டும் என்று உன் நண்பர்கள் அடம்பிடித்தால், 2023-ல் வந்த ஆர்மர்ட் கோர் 6 கேமில் இருக்கும் பைல் பங்கரைப் பாருங்கள். கையில் பொருத்திய தடித்த உலோக முளை, கிட்டப் போய் அழுத்தியதும் பாய்ந்து செருகும். பொக்லைனில் மாட்டும் பாறை பிரேக்கரும் இதே குடும்பம். உள்ளே நைட்ரஜன் வாயு அழுத்தத்தில் இருக்கும், பிஸ்டன் போய் உளியை அடிக்கும், நிமிடத்துக்குச் சில நூறு அடி. கையை வீசாமலே அடிப்பதால் மூட்டுக்கு வரும் அதிர்ச்சி குறைவு. அதற்கு ஒரு குணம் உண்டு. உளிக்கு எதிரே கல் இல்லாமல் வெறும் காற்றில் அடித்தால் அந்த ஆற்றல் முழுக்க இயந்திரத்துக்குள்ளேயே இறங்கி, உளியைப் பிடித்திருக்கும் இரும்புப் பின் (pin) உடையும். நல்ல ஆபரேட்டர் கல் பிளந்த நொடியில் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். உன் கேமில் பைல் பங்கர் குறி தவறினால் அந்தக் கைக்குச் சேதம் வரட்டும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், உடம்பே ஒப்புக்கொள்ளும்.

சாய்ப்பதுதான் சண்டை என்பதை ஏற்கெனவே கண்டுபிடித்த கேம்கள் உண்டு, அவற்றை உட்கார்ந்து விளையாடு. 1984-ல் அட்டைப்பலகை விளையாட்டாகத் தொடங்கிய பேட்டில்டெக்கில் உதை வாங்கியவர் பகடை உருட்டி நிலைகுலையாமல் நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும். உதை தவறினால் உதைத்தவரும் உருட்ட வேண்டும். யாரோ இயற்பியலை நேசித்து எழுதிய விதி அது. 2018-ல் வந்த அதன் கணினி வடிவத்தில் நிலைத்தன்மைக்கென்றே தனி அளவு, நிலைகுலைவு எல்லையைத் தாண்டினால் ரோபோ விழும், உள்ளே இருப்பவருக்குக் காயம். அதே வருடம் வந்த இன்டு த பிரீச்சில் 8-க்கு 8 கட்டத்தில் குத்தின் பெரிய பயன் எதிரியை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடுவதுதான். ஆர்மர்ட் கோர் 6-லும் முதலில் நிலைகுலைய வைக்க வேண்டும், அதற்கு அப்புறம் விழும் அடிதான் பலமாக இறங்கும்.

நிஜத்தில் இதற்குச் சாட்சி 2017 அக்டோபரில் கிடைத்தது. ஜப்பானின் குராடாஸ் என்ற ஆள் ஓட்டும் ரோபோவும், அமெரிக்காவின் மெகாபாட்ஸ் நிறுவனம் செய்த அதே வகை ரோபோக்களும் ஒரு பழைய எஃகு ஆலைக்குள் மோதின. கைகலப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று ஜப்பான் தரப்பு முன்பே நிபந்தனை போட்டிருந்தது. முதல் சுற்றில் குராடாஸ் நேரே வந்து முஷ்டியை நீட்டி இடித்தது, எதிராளி மல்லாந்து விழுந்தது, சுற்று முடிந்தது. துளை இல்லை, வெட்டு இல்லை. விழுந்தது, அவ்வளவுதான்.

அசைவு பற்றி ஒன்று. நீ அனுப்பிய வீடியோவில் ரோபோ மனிதன் வேகத்தில் கை வீசுகிறது. அதனால்தான் பொம்மை மாதிரி தெரிகிறது. உயரம் 9 மடங்கு ஆனால் விழுவது, ஆடுவது, காலை மாற்றி வைப்பது எல்லாவற்றுக்கும் 3 மடங்கு நேரம் ஆகும், வர்க்கமூலம் அது. நமக்குத் தடுக்கினால் அரை வினாடியில் கால் முன்னே போய்விடும். உன் ரோபோவுக்கு ஒன்றரை வினாடி. பார்க்கிறவர்களுக்கு "ஐயோ" என்று சொல்ல நேரம் கிடைக்கும், ஓட்டுகிறவனுக்கும் தப்பிக்க ஒரு பொத்தான் அழுத்த நேரம் கிடைக்கும். அதை அவசரப்படுத்தாதே.

பாதத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். கலிலியோ 1638-லேயே அச்சில் எழுதிவைத்த விஷயம்தான். உருவத்தை 9 மடங்கு பெருக்கினால் பாதத்தின் பரப்பு 81 மடங்கு, எடை 729 மடங்கு. சதுர சென்டிமீட்டருக்கு விழும் அழுத்தம் 9 மடங்கு ஏறும். மனிதப் பாதமாகவே வைத்திருந்தால் ஒற்றைக் காலில் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல், டாங்கிக்குச் சுமார் 1 கிலோதான். மழை பெய்த மறுநாள் நம் ஊர்ச் சாலையில் அது முட்டி வரை இறங்கும். 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் என்று நீ வைத்த பாதத்தில் முக்கால் கிலோதான். சாயாமல் இருப்பதற்கும் அந்த நீளமே உதவுகிறது. அதை எந்தக் காரணத்துக்கும் குறைக்காதே.

யோகோஹாமாவில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை 18 மீட்டர் கண்டம் ஒன்று கைகால் அசைத்துக்கொண்டு நின்றது. எடை 25 டன், இடுப்பைப் பின்னாலிருந்து ஒரு தாங்கி பிடித்திருந்தது. அதற்கு விழும் கவலை இல்லை. உன்னுடையது விழும், எனவே எழுந்திருக்கவும் வேண்டும். அந்தக் காட்சியை நீங்கள் இன்னும் வரையவில்லை என்று சொன்னாய். குப்புறக் கிடப்பவன் கையை ஊன்றி எழும்போது பாதி எடை இரண்டு கைக்கு வரும், ஒரு கைக்கு 15 டன். முழங்கை மூட்டில் நெம்புகோல் ஐந்துக்கு ஒன்று என்று வைத்தால் சிலிண்டர் 75 டன் தள்ள வேண்டும். 350 பாரில் அதற்கு உள்விட்டம் 165 மில்லிமீட்டர் வருகிறது, தேய்மானத்துக்கும் சேர்த்து 180 போடு. இப்போது நீ வரைந்திருக்கும் முன்கைக்குள் அது அடங்காது. ஞாயிற்றுக்கிழமை படத்தை எடுத்துக்கொண்டு வா, முன்கையை எவ்வளவு பருமனாக்குவது என்று உட்கார்ந்து பார்ப்போம்.